முரட்டுத் துணி

எங்கள் வீட்டில் ஒரு போர்வை இருக்கிறது. பட்டன்று, கம்பளியுமன்று. பழந்துணிகளை மூன்றடுக்காக வைத்து, என் பூட்டி தன் கையால் ஓட்டுத் தையலிட்டு ஆக்கிய பருத்திப் போர்வை. நாஞ்சில் நாட்டின் ஐப்பசி மழைக் காலங்களில் நான்கு தலைமுறைக்கு அது வெப்பம் தந்திருக்கிறது. இவ்வாண்டு அதன் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல் கண்டது. மேலடுக்கு விலகி, நடுவிலிருந்த முரட்டுத் துணியொன்று வெளியே தெரிந்தது.

"செத்தவ துணி மக்களே! வீட்டிலே வச்சிருக்கது நல்லதில்லை. கொளுத்திப் போடு" என்றார் அத்தை.

"தைக்கிறதுன்னா தைச்சுக்கோ. ஆனா அந்த முரட்டுத் துண்டு வெளியே தெரியாம மூடித் தைச்சிரு. பிள்ளைகளுக்கு அந்தக் கதையெல்லாம் எதுக்கு?" என்றார் சித்தப்பா.

அத்தையின் சொல்லில் அச்சம். சித்தப்பாவின் சொல்லில் நாணம். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஊசியை எடுத்தேன்.

தோழர்களே, அந்தத் துண்டு, பூட்டியைப் பெற்றவள் மார்பை மறைத்த துணி என்பது எங்கள் வீட்டார் சொல். வீட்டார் சொல்லுக்கு ஏட்டுச் சான்றில்லை. ஆனால் அந்தத் தாய் எத்தகைய சட்டத்தின் கீழ் வாழ்ந்தாள் என்பதற்கு ஏட்டுச் சான்று உண்டு.

1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்த இந்த மண், அன்று திருவிதாங்கூர் அரசின் தென்கோடி. நாடார் பெண்களும், அவர்களினும் கீழே தள்ளப்பட்ட பெண்களும் தோளிலே சீலை இடலாகாது என்பது அங்கே சாதி வகுத்த நீதி. மதம் மாறிய பெண்கள் குப்பாயம் அணிய 1814இல் இசைவு கிடைத்தது. மேற்சாதியாரின் மேலாடை மட்டும் கூடாது. 1829இல் அந்தத் தடையை அரசே மீண்டும் அறிவித்து வலியுறுத்தியது. சந்தைக்குச் சென்ற பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. தொழுகைக் கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1858இலும் 1859இலும் கலகம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவிலியன் நெருக்கவே, 1859 சூலை 26இல் மன்னரின் ஆணை வந்தது.

என்ன சொல்லிற்று அந்த ஆணை? நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் மேற்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தலாகாது! மானத்தைக் காத்துக்கொள்ளலாமாம், அதையும் முரட்டுத் துணியால் காத்துக்கொள்ள வேண்டுமாம்! துணியின் பருமனைக்கூடச் சாதி அளந்து கொடுத்த காலம் அது.

இப்போது சொல்லுங்கள், இதிலே நாணவேண்டியவர் யார்? அதை உடுத்தியவளா? உடுத்தாதே என்று தடுத்தவரா?

போர்வையைப் பூந்திக்கொட்டை நீரில் மெல்ல அலசி, நிழலில் உலர்த்தினேன். கிழிசலின் காரணம் தெளிவாயிற்று. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் மடித்து வைத்ததால் மடிப்பு வழியே இழைகள் அற்றுப்போயிருந்தன. கஞ்சிப் பசையைத் தேடிவந்த பூச்சி மீதியை அரித்திருந்தது. சாபமுமில்லை, கண்ணேறுமில்லை! இனி மாதந்தோறும் மடிப்பை மாற்றினால் போதும். மந்திரித்த கயிறு வேண்டியதில்லை.

ஒட்டுப் போட, பலமுறை துவைத்து நைந்த கைத்தறி வேட்டியைத் தேர்ந்தேன். துவைக்காத புதுத் துணி முதல் சலவையில் சுருங்கி, நலிந்த இழைகளை இழுத்துக் கிழித்துவிடும். நைலான் நூல் பருத்தியை அறுக்கும். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைப்பதற்குப் பழஞ்சேலையின் கரையிலிருந்தே நூலை உருவிக்கொள்வார்கள். நானும் அவ்வாறே வேட்டிக் கரையிலிருந்து நூல் உருவினேன். மட்கிய இழைகளை வெட்டி எறிந்தேன். கிழிசலுக்கு இரண்டு விரற்கடை அப்பால், உறுதியான இடத்திலே தொடங்கி, முதலில் பாவின் வழியே இழையோட்டினேன். பிறகு ஊடையாக, ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாக நுழைத்தேன். இறுக்கினால் துணி சுருங்கும், தளர்த்தினால் பிடிப்பிராது. ஒன்பது மாலைகள் பிடித்தன.

முரட்டுத் துணியை மட்டும் நான் மூடவில்லை. அதைச் சுற்றி விளிம்பு மடித்துத் தைத்து, வெளியே தெரியும்படி விட்டேன். பேரப்பிள்ளைகள் கேட்டார்கள், ஆண்டைச் சொன்னேன், ஆணையைச் சொன்னேன். சித்தப்பா முதல்நாள் முகம் திருப்பிக்கொண்டார். மறுநாள் கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்துகொண்டு, அந்தத் துண்டை நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

கதை இத்துடன் முடிந்தால் நமக்குப் பெருமை மட்டுமே மிஞ்சும். பெருமை மட்டும் போதுமா? அந்த 1859 ஆணை பெயர் சொல்லிப் பேசியது நாடார் பெண்களைப் பற்றி. அவர்களுக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்கள் வாயிலுக்கு வெளியிலேயே நின்றார்கள். உரிமை பெற்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்து அவர்களை உள்ளே அழைத்தார்களா? இன்றும் நம் வீடுகளில், வேலைக்கு வருபவருக்கெனத் தனிக் குவளை ஒன்று கொல்லைச் சுவரில் கவிழ்ந்து கிடக்கவில்லையா?

முரட்டுத் துணி உடுத்தியவளின் வழிவந்தோம் என்று மார்தட்டிக்கொண்டே அந்தக் குவளையைக் காப்பாற்றுவோமானால், நாம் தடுத்தவர்களின் வாரிசுகளே ஆவோம். இளைஞர்களே, உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளையும் திறந்து பாருங்கள். உழைப்பின் இழை இருந்தால் தைத்து வையுங்கள். சாதியின் இழை இருந்தால், தயங்காமல் வெட்டி எறியுங்கள்.