தொழில் என்ற கட்டம்

1999 மார்ச் தொடக்கத்தில் ஒரு பொய் எழுதினேன். அப்போது நான் மலேசியாவின் லிங்கி வட்டாரத் தோட்டம் ஒன்றின் கிளினிக்கில் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர். என் தாய்மாமனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம் அது. பெயர், வயது, அடையாள அட்டை எண், காய்ச்சல் கண்ட நாள் எல்லாம் சரியாகவே எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் மட்டும் 'தோட்டத் தொழிலாளி' என்று போட்டேன். மாமா பால்மரம் வெட்டுவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவர் வேலை பார்த்தது புக்கிட் பெலாண்டோக் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த மாதம் போர்ட்டிக்சன் மாவட்டம் எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சல் கண்டு, தலைவலி என்று படுத்து, நினைவு தப்பினார்கள். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் (ஜே.இ.) என்று முடிவு கட்டினார்கள். பயந்த பண்ணைக்காரர்கள் வந்த விலைக்குப் பன்றிகளைத் தள்ளிவிட, லாரிகள் தெற்கே வந்தன. ஆண்டு இறுதியில் சிரம்பானை அடுத்த சிக்காமட்டில் நோய் தலைகாட்டியது. பிறகு புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா. அப்போது நாட்டிலேயே பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்று அது. பன்றிகள் முதலில் நாய் குரைப்பதுபோல இருமின. அப்புறம் மனிதர்கள் விழுந்தார்கள். குடும்பம் குடும்பமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

நாங்கள் புகையடித்தோம், ஜே.இ. தடுப்பூசி போட்டோம். நானும் லயத்து வாசலில் நின்று, கொசுவைப் பற்றி வாய் ஓயாமல் பேசினேன். ஆனால் கணக்கு இடித்தது. ஜே.இ. பெரும்பாலும் சிறுவர்களைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த மலாய்க் கம்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கொசு மதம் பார்த்தா கடிக்கும்? பன்றியைத் தொட்டவன், தீனி போட்டவன், ஊசி குத்தியவன், லாரியில் ஏற்றியவன், இவர்களே நோயாளிகள். இதைக் கவனித்த மருத்துவர்களுக்கு அப்போது வேண்டியிருந்ததெல்லாம் ஒரே விவரம்: வந்தவன் என்ன வேலை செய்தான்? நான் பொய் எழுதிய கட்டம் அதுதான்.

ஏன் எழுதினேன்? மாமா மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் ஆசாரமானவர்கள். பன்றிப் பண்ணைக்காரன் மகள் என்று தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும் என்று நினைத்தேன். கள்ளுக்கடைப் பக்கம் உட்கார்ந்து காட்டுப்பன்றிக் கறி தின்றவர்கள்கூட அந்த வேலையைக் கேவலமாகத்தான் பேசினார்கள். மாமாவும் வாரக் கடைசியில் வரும்போது குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் லயத்துக்குள் நுழைவார். கேட்டால் "சீனன்கிட்ட காய்கறித் தோட்டத்துல வேல" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது ஆள் குறைத்தார்கள், வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அடுத்து 1997 பொருளாதார நெருக்கடி. ஐம்பதை நெருங்கியவருக்கு ஃபேக்டரியில் யார் வேலை கொடுப்பார்கள்? பண்ணையில் வாரச் சம்பளம், கையில் காசு, படுக்க ஓர் அறை. சேமநிதியும் சொக்சோவும் கிடையாது.

கிளினிக்கில் படுத்திருந்தவர் என் கையைப் பிடித்து, "பண்ணைனு எழுதிடாதய்யா" என்றார். அவர் அப்படிச் சொன்னதைப் பலகாலம் எனக்குச் சாக்காக வைத்திருந்தேன். காய்ச்சலில் பிதற்றுபவர் சொன்னதைக் கேட்டுக் கடிதம் எழுதுவதற்கா எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள்? அதோடும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் தோட்ட வேலை என்றே சொல்லவேண்டும் என்று அத்தைக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த இடத்தில் என் பெரிய தாத்தாவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அவர் கதையை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட லயத்திலிருந்து பிடித்துப் போன பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். 415 கிலோமீட்டர்த் தண்டவாளம், 1943 அக்டோபரில் முடிந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் முகாம்களில் காலரா அடித்துக்கொண்டு போனது. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலில் ஆறாத புண். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே கிடக்கிறார்கள், மிகப் பலருக்குப் பெயர் உண்டு. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. பெரிய தாத்தா என்றைக்கு, எதனால் செத்தார் என்று தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் அவருக்குப் படையல். "நம் சாவைக்கூட எழுதி வைக்க ஆளில்லை" என்று கோயில் மண்டபத்தில் குரல் தழுதழுக்கப் பேசியிருக்கிறேன். எழுத வேண்டிய பேனா என் கையில் இருந்தபோது என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிரசர் வேலைக்கு வந்த புதிதில் மால்கம் வாட்சன் பற்றிப் படித்தேன். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மாவட்ட மருத்துவர். தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்தார். எந்த லயம் மலையடிவாரத்தில், எந்த லயம் ஓடைக்கரையில் என்று குறித்தார். சதுப்பைத் தூர்த்தால் தீரும் என்று எண்ணியவர், மலைத் தோட்டங்களில் காட்டை வெட்டி வெயில் படவிட்ட தெளிந்த ஓடையில்தான் அங்குள்ள கொசு முட்டையிடுகிறது என்று அறிந்து எண்ணெய் தெளிக்கச் செய்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து காட்டை அழித்தவனை அந்த அழித்த காடே கொன்றது. வாட்சன் நல்லவரா, துரைமார் லாபத்துக்கு உழைத்தவரா என்று வாதாடலாம். ஆனால் நோயாளி எங்கே இருந்தான், என்ன செய்தான் என்ற கேள்வியை அவர் விடவில்லை.

மாமா விஷயத்தில் நடந்தது இது. அத்தைக்கு நான் சொல்லிக்கொடுத்தது சில நாள்தான் தாங்கியது. ஒரு பெண் மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க, அத்தை அழுதுகொண்டே பண்ணையைச் சொல்லிவிட்டார். அதே மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமி ஒன்றைப் பிரித்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் உறுதிசெய்தார். அதற்கு அந்தக் கம்பத்தின் பெயரையே வைத்தார்கள்: நிப்பா. கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பட்டிக்குள் விழ, பன்றிக்குத் தொற்றி, பன்றியிடமிருந்து ஆளுக்கு. 1997–98 காட்டுத்தீப் புகையும் வறட்சியும் வௌவால்களைப் பழத்தோட்டங்களுக்கு விரட்டின என்பது சுவா போன்றவர்கள் முன்வைத்த ஊகம். எல்லாரும் அதை ஏற்றதில்லை. மாமாவின் பண்ணையில் தொழுவத்தின்மேல் மாமரம் கவிந்திருந்தது; அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி எழுதியவன் நான். நாட்டில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ராணுவம் வந்து பன்றிகளைக் கொன்று புதைத்தது. ஏறக்குறைய 10 லட்சம் பன்றிகள்.

மாமா பிழைத்தார். நடை தள்ளாடும், பேச்சு நடுவில் அறுந்துவிடும், பேரப்பிள்ளை பெயர் நினைவிருக்காது. நிப்பாவில் தப்பியவர்கள் பலருக்கு இப்படித்தான். சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பியது. அத்தை உண்மையைச் சொல்லும்வரை ஆன சில நாள் தாமதத்தில் அந்தப் பண்ணையில் வேறு யாருக்காவது தொற்றியதா? நான் விசாரிக்கவே இல்லை. அது இரண்டாவது குற்றம்.

மூன்றாவது இன்னும் கேவலம். புதிய கிருமி என்று பேப்பரில் வந்ததும் தோட்டமே என்னைக் கொண்டாடியது. "டிரசர் உடனே அனுப்பிவெச்சாரு, அதான் ஆள் பொழச்சாரு." திருவிழாவில் மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டினேன். பிறகு வந்த ஆண்டுகளில், புதிதாகச் சேர்ந்த வங்காளதேச ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தால் "பயப்படாமல் உண்மையைச் சொல்" என்று உபதேசம் செய்தேன். வேலை செய்த இடத்தைச் சொன்னால் பெர்மிட் போகுமோ என்று அவர்கள் முழிப்பார்கள். எரிச்சலாக வரும். அந்த முழி எந்த வீட்டில் பார்த்தது என்று எனக்கு நினைவு வராமல் இல்லை.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிப்பா வந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, நோயாளியைக் கவனித்ததில் தொற்றி இறந்தார். பஹ்ரைனில் வேலை பார்த்த கணவருக்குக் கடைசியாக ஒரு துண்டுக் கடிதம் எழுதிவிட்டுப் போனார். அந்தச் செய்தியை என் பேத்தி கைப்பேசியில் காட்டி, "தாத்தா, நீங்களும் இப்படித்தானே?" என்றாள். அவள் கேள்விப்பட்டது மாலைக் கதை. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு மாமா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அந்த வரன் அமைந்து, கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கேட்டுவிட்டுத் தேநீரை ஆற்றியபடியே சொன்னாள்: "அவுங்க வீட்டுக்கு நாங்களே சொல்லிட்டோம், அத்தான். நிச்சயத்துக்கு முன்னாடியே அம்மா சொல்லிட்டாங்க. அவுங்க ஒண்ணும் சொல்லல. என் கல்யாணத்துக்காக எழுதுனேன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்ப நீங்க கோயில் கமிட்டி செயலாளரா நின்னுக்கிட்டிருந்தீங்க."

உண்மைதான். அந்த மாதம் கமிட்டித் தேர்தல் இருந்தது. டிரசரின் மாமன் பன்றிப் பண்ணையில் என்று எதிரணி பேசிவிடும் என்ற பயம். நான் ஜெயித்தேன். மேலே வரன் என்று எழுதியிருப்பதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதைத்தான். அதுவும் இந்த வாக்குமூலத்தில் இருக்கட்டும்.