ரம்முக்கு ஏற்ற இஞ்சி

சங்கத்துத் திங்களிதழில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் வகை பற்றி எழுதலாம். ஊருக்குச் செல்லும் இரயிலில் இடம் பெறும் வித்தை பற்றி எழுதலாம். ரம்மில் கலப்பதற்கு எந்த ஜிஞ்சர் பீரைத் தேர்ந்தெடுப்பது என்பது பற்றி எழுதலாமா என்று அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். எழுதலாம் என்றே நான் கருதுகின்றேன். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களுக்குப் பல மாநிலத்து நண்பர்கள் விருந்தினராக வருகின்றனர். அவர்களுள் அருந்துவோரும் உளர், அருந்தாதோரும் உளர், அருந்தி நிறுத்தியோரும் உளர். இம்மூவரையும் ஒரே கூடத்தில் மனங்கோணாமல் அமர்த்துவது இல்லத்தாரின் கடமை. அக்கடமையில் ஒரு புட்டி இஞ்சிப் பானம் எவ்வளவு துணை செய்கின்றது என்பதைப் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்தவன் என்ற முறையில் இதனை எழுதப் புகுகின்றேன்.

என்னைப் பற்றிய உண்மையை முதலிலேயே கூறிவிடுகின்றேன். நான் திங்களுக்கு ஓரிரு முறை சிறு அளவு ரம் அருந்துபவன். என் இல்லத்தரசி அதனைத் தொடுவதில்லை. அண்டை வீட்டார் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பஞ்சாபியர்; ரம் அவருக்குப் பழைய தோழன். எங்கள் வீட்டிற்கு வழக்கமாக வரும் மற்றொருவர் நம் தஞ்சை மாவட்டத்து நண்பர். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். ஏனெனில், ஜிஞ்சர் பீரைத் தேர்ந்தெடுக்கும் முறையை எனக்குக் கற்பித்தவர் அவரே.

ஜிஞ்சர் பீர் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இல்லந்தோறும் இஞ்சி, சர்க்கரை, தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து நுரைக்க வைத்துக் குடித்த பானம் அது. நுரைக்கச் செய்வதற்கு வெண்ணிறக் கட்டி ஒன்றை அதில் இடுவர். அதற்கு ‘ஜிஞ்சர் பீர்ச் செடி’ என்று பெயர். ஆயின் அது செடியன்று. ஈஸ்ட் ஒன்றும் பாக்டீரியா ஒன்றும் கூடி வாழும் கட்டி என்பதை ஹாரி மார்ஷல் வார்டு என்னும் தாவரவியல் அறிஞர் ஆராய்ந்து 1892இல் வெளியிட்டார். இவர் நமக்கு முற்றிலும் அயலாரல்லர். 1880ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, காப்பி இலைகளை அழித்த துரு நோயை ஆராய்ந்தவர் இவரே. அந்நோயால் வீழ்ந்த காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தென்னாட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அல்லரோ?

இஞ்சியின் பெயரிலும் நமக்கு உறவுண்டு. ‘ஜிஞ்சர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரைப் பின்தொடர்ந்து சென்றால் அது ‘இஞ்சி வேர்’ என்னும் தென்னாட்டுச் சொல்லில் சென்று முடியும் எனச் சொல்லாய்வாளர் பலர் கருதுகின்றனர். பெயர் மட்டுமன்று, பயிரும் நம் கண்டத்தினின்றே புறப்பட்டது. கரும்பும் இஞ்சியும் ஆசியாவிற்குரியவை. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். அடுத்த நூற்றாண்டில் ஸ்பானியர் இஞ்சியையும் அங்கே பயிரிட்டனர். கரும்பாலையில் எஞ்சிய பாகிலிருந்து ரம் பிறந்தது. அக்கரும்புத் தோட்டங்களில் முதலில் ஆப்பிரிக்க அடிமைகள் வதைபட்டனர். அடிமை முறை ஒழிந்த பின்னர், 19ஆம் நூற்றாண்டில், சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ரம்மின் இனிப்புக்குப் பின்னே அத்துணைக் கசப்பு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விரண்டையும் ஒரு கோப்பையில் கூட்டிப் பெயர் பெற்ற இடம் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள பெர்முடா. பிரிட்டிஷ் கடற்படையின் தளமாக விளங்கிய தீவு அது. கடற்படையினர்க்கு நாள்தோறும் ரம் வழங்கும் வழக்கம் 1970 ஜூலை 31ஆம் நாள் வரை நீடித்தது. அத்தீவில் பாரிட் குடும்பத்தார் 1874இல் தொடங்கிய நிறுவனத்தின் ஜிஞ்சர் பீரும், காஸ்லிங் குடும்பத்தாரின் கருநிற ரம்மும் சேர்ந்து ‘டார்க் அண்ட் ஸ்டார்மி’ என்ற பானமாயின. ‘இருளும் புயலும்’ என்பது அதன் பொருள். பனிக்கட்டி இட்ட கோப்பையில் முதலில் ஜிஞ்சர் பீரை ஊற்றி, அதன்மீது ரம்மை மெல்ல மிதக்க விடுவர். மேலே கார்மேகமும் கீழே கலங்கிய கடலும் போல் அது தோற்றமளிக்கும். அமெரிக்காவில் அப்பெயர் 1991 முதல் காஸ்லிங் நிறுவனத்தின் பதிவு பெற்ற வணிகச் சின்னம்.

இனி, தேர்வுக்கு வருவோம். கருநிற ரம்மில் வெல்லப்பாகின் மணமும் மரப்பீப்பாயின் மணமும் இயல்பாகவே உண்டு. 1954 முதல் நம் நாட்டில் விற்கப்படும் ஓல்டு மாங்கைச் சுவைத்தவர்க்கு அதில் எழும் வனிலா மணமும் தெரியும். ஆகவே இனிப்புச் சுவையை ரம்மே கொண்டு வருகின்றது. அதற்குத் துணையாக வருவது காரமும் சிறிது புளிப்பும் தருவதாக இருத்தல் வேண்டும். இனிப்போடு இனிப்புச் சேர்ந்தால் பாயசம் ஆகுமேயன்றிப் பானம் ஆகாது. நம் நகரங்களில் எளிதிற் கிடைக்கும் ஜிஞ்சர் ஏல் இதனாலேயே இரண்டாம் இடம் பெறுகின்றது. அது தெளிந்தது, மென்மையானது. தனித்துப் பருக நல்லது. கருநிற ரம் அதனை விழுங்கிவிடும்.

காரத்திலும் வகையுண்டு. பச்சை இஞ்சியின் காரத்திற்குக் காரணமான பொருளை ஜிஞ்சரால் என்பர். இஞ்சி உலரும்போது அது ஷோகால் என்னும் கூடுதல் காரமுள்ள பொருளாக மாறுகின்றது. நெருப்பிலிட்டுச் சமைத்தால் ஜிஞ்சரோன் என்னும் மென்மையான பொருள் தோன்றுகின்றது. ஆங்கிலேயர் பச்சையையும் உலர்ந்ததையும் ஒரே சொல்லால் வழங்க, நம் பாட்டிமார் இஞ்சி வேறு, சுக்கு வேறு எனப் பிரித்தே வைத்தனர். அப்பிரிவினை வேதியியலுக்கும் ஒத்ததே. நல்ல ஜிஞ்சர் பீரில் பச்சை இஞ்சியின் மணமும் சுக்கின் காரமும் சேர்ந்திருக்கும். சில தயாரிப்பாளர் செலவைச் சுருக்க மிளகாய்ச் சாற்றைக் கலப்பதுண்டு. இதனை நாவால் அறியலாம்: இஞ்சியின் காரம் தொண்டையைத் தொட்டு மூக்கில் ஏறி விரைவில் அகலும், மிளகாயின் காரம் உதட்டிலும் நாநுனியிலும் தங்கி எரியும்.

புட்டியின்மேல் ஒட்டியுள்ள தாளைப் படிப்பது அடுத்த பணி. ‘இஞ்சிச் சாறு’ என்றோ ‘இஞ்சி வேர்’ என்றோ இருப்பது நன்று. ‘மணமூட்டி’ மட்டுமே இருப்பின் தயங்குக. 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதையும் காண்க. 10 கிராம் எனில், 375 மில்லி புட்டியில் 37 கிராமுக்கு மேல், அஃதாவது ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளது. ஃபீவர்-ட்ரீ நிறுவனத்தார் தங்கள் ஜிஞ்சர் பீரில் நைஜீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளின் இஞ்சியோடு நம் கொச்சி இஞ்சியையும் சேர்ப்பதாகக் கூறுகின்றனர். ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் வகை நொதிக்க வைத்துச் செய்யப்படுவது. அதன் அடியில் வண்டல் தங்குமாதலால், திறக்குமுன் புட்டியைத் தலைகீழாக ஒருமுறை மெல்லத் திருப்புதல் வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டுக் குறிப்புகள். தலையாய சோதனையை நான் கற்றது தஞ்சை நண்பரிடம். அவர் முப்பதாண்டுகள் எங்களோடு அமர்ந்து அருந்தியவர். கல்லீரல் நலிவுற்று, மருத்துவர் சொற்படி மதுவை அறவே நிறுத்தினார். நிறுத்துவது அவருக்குக் கடினமாக இருந்தது. நிறுத்திய பின்னர் நண்பர் குழுவில் அமர்வது அதனினும் கடினமாக இருந்தது. மற்றவர் கையில் ரம் கோப்பை. அவர் கையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆரஞ்சுப் பானம். “ஒரு வாய்தானே ஐயா, என்ன ஆகிவிடும்?” என்பார் ஒருவர். “பாவம், அவரை விடுங்கள்” என்பார் இன்னொருவர். வற்புறுத்தலைவிட அந்த இரக்கமே அவரைப் பெரிதும் வருத்தியது. மெல்ல மெல்ல அவர் வருகை நின்றது. பொங்கலன்றும் வரவில்லை.

என் இல்லத்தரசியே வழி கண்டாள். “எல்லாருக்கும் ஒரே கோப்பையில் இஞ்சிப் பானத்தைக் கொடுங்கள், வேண்டியவர் தாமே எதையேனும் ஊற்றிக்கொள்ளட்டும்” என்றாள். நண்பரை நேரிற் சென்று அழைத்து வந்தேன். கூடத்தில் ஐந்து கோப்பைகள். ஐந்திலும் பனிக்கட்டி, ஜிஞ்சர் பீர், ஒரு துண்டு எலுமிச்சை. எவர் கோப்பையில் என்ன இருந்ததென்று எவரும் வினவவில்லை. அன்றிரவு அவர் உரக்கச் சிரித்ததைப் பல மாதங்களுக்குப் பின் கேட்டேன்.

அன்று மற்றொன்றும் நிகழ்ந்தது. வாங்கி வைத்திருந்த மூவகைப் புட்டிகளையும் சுவைத்து அவர் கருத்துரைத்தார். “இது சர்க்கரைப் பாகு, இது வெறும் எரிச்சல், இதுதான் இஞ்சி” என்றார். ரம் கலந்து அருந்திய பஞ்சாபியரும் நானும் ஒன்றை உணர்ந்தோம்: அவர் தள்ளிய இரண்டும் ரம்மோடு சேர்ந்தும் சிறக்கவில்லை, அவர் ஏற்றது ரம்மோடு மிகப் பொருந்தியது. காரணம் எளிது. ரம்மின் மயக்கத்தில் நம் நாவுக்குத் தப்பும் குறை, அது கலவாது பருகுவார் நாவுக்குத் தப்பாது. அன்று முதல் எங்கள் வட்டத்தில் ஜிஞ்சர் பீருக்கு நடுவர் அவரே. இரக்கத்திற்குரியவராய் ஒதுங்கியிருந்தவர், தீர்ப்பளிப்பவராய் அமர்ந்தார்.

ஆகவே என் முடிபு இது: தனித்துப் பருகத் தகாத ஜிஞ்சர் பீர், ரம்மோடு கலக்கவும் தகாது. கடையில் இரண்டொரு வகைகளை ஒவ்வொரு புட்டி வாங்கி, குளிர வைத்து, பனிக்கட்டியோடு தனியே சுவைத்துப் பாருங்கள். பனிக்கட்டி உருகி நீர்த்த பின்னும் இஞ்சி நிற்கின்றதா என்று காணுங்கள். வீட்டில் மதுவை அறவே அருந்தாத ஒருவர் இருப்பின் அவர் சொல்லையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. நொதிக்க வைத்துச் செய்யும் ஜிஞ்சர் பீரில் மிகச் சிறு அளவு ஆல்கஹால் இருக்கக்கூடும். நம் நாட்டுச் சட்டம் 0.5 சதவீதத்திற்கு மேற்பட்டதையே மதுபானம் என்கின்றது. இங்கிலாந்திலோ 4 சதவீதம் கொண்ட ஜிஞ்சர் பீரும் விற்கப்படுகின்றது. இலண்டனிலிருந்து உறவினர் கொணர்ந்த அத்தகைய புட்டி ஒன்றை, தஞ்சை நண்பர் கண்ணாடியை அணிந்து தாமே படித்துப் பார்த்து, புன்னகையோடு அப்பால் நகர்த்தி வைத்தார். மது நிறுத்தியவர்க்குப் பரிமாறுமுன் இல்லத்தாரும் அவ்வாறே படித்தல் நலம்.

அயல்நாட்டுப் புட்டி விலை மிகுதி என்போர் வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் இஞ்சியைத் தோல் சீவி, தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, அரைமணி நேரம் தெளிய விடுங்கள். தீபாவளி மருந்துக்குச் செய்வது போலவே அடியில் தங்கும் வெண் வண்டலை நீக்குக. 100 கிராம் சர்க்கரையையும் கால் தேக்கரண்டிச் சுக்குப் பொடியையும் சிறிது நீரிற் கொதிக்க வைத்து இறக்குங்கள். ஆறிய பின்னரே இஞ்சிச் சாற்றைச் சேர்க்க வேண்டும். கொதித்தால் பச்சைக் காரம் தணிந்துவிடும். இரண்டு எலுமிச்சம் பழத்தின் சாற்றைச் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில நாள் இருக்கும். ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு சோடா. நொதித்தல் இல்லையாதலின் குழந்தைகளும் பருகலாம்.

பரிமாறும் முறை பெர்முடாவினுடையதே: ஜிஞ்சர் பீர் முதலில், ரம் இறுதியில். அனைவர்க்கும் ஒரே வகைக் கோப்பையில் இஞ்சிப் பானத்தை நிரப்பித் தட்டில் வைத்து நீட்டுங்கள். ரம் புட்டி ஓரத்து மேசையில் இருக்கட்டும். வேண்டியவர் எழுந்து சென்று, இரு பங்கு இஞ்சிப் பானத்திற்கு ஒரு பங்குக்கு மிகாமல் ஊற்றிக்கொள்வர். வண்டி ஓட்டிச் செல்பவர் ஊற்றிக்கொள்ள வேண்டா. மதுவிலக்கு நிலவும் குஜராத்திலும் பீகாரிலும் வாழும் அன்பர்கள் அந்த ஓரத்து மேசையை மட்டும் விட்டுவிடலாம். விருந்தில் வேறு குறை நேராது. “உமக்கு வேண்டுமா, வேண்டாவா?” என்ற வினா மட்டும் உங்கள் கூடத்தில் எழாதிருக்கட்டும். அவ்வினாவுக்கு விடை கூற அஞ்சியே வீட்டிலிருந்துவிடும் நண்பர் ஒருவர் உங்கள் வட்டத்திலும் இருக்கக்கூடும். வரும் ஞாயிறன்று அவரை அழையுங்கள்.