ஊர் பேர் தெரியாத இரண்டு துண்டுகள்

எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பின் இரண்டு மூன்று உருப்படிகள் மிச்சமாகிவிட்டன என்று சொல்லிச் சிரிப்பது பட்டறைகளில் பழைய வேடிக்கை. மிச்சமானதைப் பற்றிச் சிரிக்கலாம். அது கையில் இருக்கிறது. பிரிக்கும்போதே, எந்த உறுப்போடும் சேராமல் உள்ளே கிடக்கும் துண்டைக் கண்டால் சிரிப்பு வருவதில்லை. உடைந்த உறுப்பின் பகுதியா? எவரோ நழுவவிட்ட பொருளா? விடை தெரியாமல் எஞ்சினை மூடுவது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாராமல் வீட்டைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

சென்ற விடுமுறையில், அல்சூரில் மாமா வீட்டில் அத்தகைய வேலை ஒன்று எனக்கு வாய்த்தது. மாமா எச்.எம்.டி.யில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாண்டுகளுக்கு முன் காலமானார். அவர் விட்டுச் சென்ற ஜாவா 250 பின்கட்டில் சாக்குக்கு அடியில் நின்றது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் அத்தை. மாமா மகனோ, அதைச் செப்பனிட்டு ஓசூரில் உள்ள வேலைக்கு அதிலேயே போய் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். "லாரிகளுக்கு நடுவே சக்கரம் இறுகி நின்றுவிட்டால் என்னடா செய்வாய்?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான்.

சிலிண்டரைக் கழற்றிக் கிராங்க் அறையைப் பிளந்தபோது, அடிமூலையில் கரிப்பிசினில் ஒட்டியபடி வளைந்த கம்பித் துண்டு ஒன்று கிடைத்தது. கியர் பெட்டியின் எண்ணெயை வடித்தபோது சிறு ஸ்க்ரூ ஒன்று தட்டில் விழுந்தது. துணைக்கு வந்திருந்த முதிய மெக்கானிக், "பழைய வண்டியில் இதெல்லாம் சகஜம் தம்பி, தூக்கிப் போடுங்க" என்றார். அத்தையின் கேள்வி காதில் இருந்ததால் எங்களுக்கு மனம் வரவில்லை.

கிடைத்த இடமே முதல் சாட்சி. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையும் கியர் பெட்டியும் தனித்தனி. ஒன்றின் பொருள் மற்றொன்றுக்குள் போக வழியில்லை. ஆகவே கம்பித் துண்டு கிராங்க், பிஸ்டன் பக்கத்து உறுப்பாகவே இருக்க வேண்டும். முழு வளையம் எவ்வளவு பெரியது? இங்கே பள்ளிக் கணக்கு கைகொடுத்தது. துண்டை வில்லாகக் கொண்டால் அதன் நாண் 9.6 மி.மீ.; நாணிலிருந்து வில்லின் உயரம் 1.6 மி.மீ. பாதி நாணின் வர்க்கம் 23.04. அதை உயரத்தால் வகுத்தால் 14.4, உயரத்தைக் கூட்டினால் 16. அதுவே வட்டத்தின் விட்டம். பிஸ்டன் பின் நழுவாமல் இருபுறமும் காக்கும் லாக் வளையத்தை அருகில் வைத்தோம். வளைவும் கம்பியின் கனமும் ஒத்துப்போயின.

ஆனால் லாக் இரண்டும் உடையாமல் தத்தம் இடத்தில் இருந்தனவே! விடையைப் பிஸ்டனின் தலை சொன்னது. போர் பெரிதாக்கப்பட்டதைக் காட்டும் எண் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. முன்பு எப்போதோ லாக் ஒன்று உடைந்திருக்கிறது; பழுது பார்த்தவர் பிஸ்டனையும் லாக்கையும் மாற்றினார்; உடைந்த துண்டைத் தேடவில்லை. இவ்வகை எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க் அறைக்குள் வந்து, சிலிண்டர் சுவரின் துளைகள் வழியாக மேலே போகும். அந்தத் துண்டும் பிசினை விட்டு அவ்வழியே ஏறிப் பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையே சிக்கியிருந்தால், அத்தை அஞ்சியது நடந்திருக்கும்.

ஸ்க்ரூவின் கதை வேறு. ஜாவா செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த வண்டி; 1961 முதல் மைசூரில் செய்யப்பட்டது; அந்தத் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. அதன் மரைகள் மில்லிமீட்டர் கணக்கு. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டோ இங்கிலாந்து வழிவந்தது. பழைய புல்லட்டின் மரைகள் அங்குலக் கணக்கு. அங்குலத்துக்கு 26 மரை என்றால் ஒரு மரைக்கு 0.977 மி.மீ.; ஜாவாவின் 6 மி.மீ. ஸ்க்ரூவில் 1 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வெர்னியரில் பிடித்தால் தடிமன் காட்டிக்கொடுத்துவிடும்: கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. எங்களுக்குக் கிடைத்தது அந்தக் கால் அங்குலம்தான். கியர் பெட்டியில் எந்தத் துளையும் காலியாக இல்லை. ஏதோ ஒரு மேசையில் புல்லட்டும் ஜாவாவும் அடுத்தடுத்துப் பிரிக்கப்பட்டபோது வந்து சேர்ந்த விருந்தாளி அது! சென்னை வண்டியும் மைசூர் வண்டியும் ஒரே பட்டறையில் சந்திக்கும் பெங்களூரில் இது வியப்பல்ல.

ஒன்று பழைய விபத்தின் எச்சம். மற்றொன்று வழிதவறி வந்தது. இரண்டையும் முதலிலேயே குப்பையில் போட்டிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். ஆனால் அத்தையிடம் "பயமில்லை" என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இருந்திராது. கணக்கையும் அளவையும் எடுத்துச் சொன்னபோது அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் ஓட்டட்டும்" என்றார்.

நண்பர்களே, நாம் வகுப்பில் கற்கும் வட்டமும் நாணும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. ஒரு தாயின் அச்சத்துக்கு விடை சொல்லவும் அவை உதவும்.