பிசிர்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா நெசமான காரணம் வேற. போன மே மாசம் ஊருக்குப் போனப்ப நடந்ததை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சே இத்தனை நாள் ஓடிடுச்சு.

ஊரு உத்திரமேரூர் பக்கம். குடவோலைக் கல்வெட்டுன்னு சொன்னா உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். எங்களுக்கு அங்க கொஞ்சம் நிலம், ஒரு மோட்டார் கொட்டாய். எலித் தொல்லை தாங்காம அங்க ஒயரிங்குக்கு பிளாஸ்டிக் பைப் வேணாம்னு இரும்பு பைப் போட்டோம். எட்டு வருஷம் முன்னாடி, நான் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிச்சப்ப. வேலை செஞ்சது எலக்ட்ரீசியன் மாமா. கையாள், லீவுக்கு வந்த நான்.

முதல் நாளே மாமா மூணு விஷயம் சொல்லிக் கொடுத்தார்.

அறுக்கறது: பைப்பை வைஸ்ல பிடிச்சு, சுத்திவர கோடு போட்டு அறுக்கணும். பிளேடோட பல் முன்பக்கம் பார்த்திருக்கணும், தள்ளும்போதுதான் வெட்டும். பைப் தகடு 1.6 மி.மீ. தான். இன்ச்சுக்கு 18 பல் இருக்குற பிளேடு போட்டா ஒரு பல்லுதான் தகட்டுல உக்காரும், கொத்திக் கிழிக்கும். 32 பல்லுன்னா எப்பவும் ரெண்டு பல்லு உக்காரும், வழவழன்னு போகும்.

வளைக்கறது: உள்ள காய்ஞ்ச மணலை இறுக்கி நிரப்பி, ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நகத்தி வளைக்கணும். ஒரே இடத்துல அமுக்கினா பைப் நசுங்கிடும். வெல்டிங் கோடு பக்கவாட்டுல இருக்கணும், இல்லன்னா பிளந்துக்கும். கையை விட்டா கொஞ்சம் திரும்பும், அதனால ரெண்டு டிகிரி கூடவே வளைக்கணும். சுவத்துல 10 செ.மீ. மேடு, அதைத் தாண்ட 30 டிகிரில ரெண்டு வளைவு. "மார்க்கு ரெண்டுத்துக்கும் நடுவுல எவ்ளோ மாமா?" "மேட்டுக்கு ரெண்டு மடங்கு வைடா. நீளத்துல ஒன்றரை விரக்கடை சேத்து அறு." ராத்திரி நோட்டுல போட்டுப் பார்த்தேன். சைன் 30 அரை, அதனால 20 செ.மீ. சரி. குறையற நீளம் 2.7 செ.மீ., அதுவும் சரி! நாலு வருஷ ஃபீஸு கட்டிப் படிக்கிற கணக்கு அவர் விரல்ல இருந்துச்சு :)

மூணாவது, பிசிர் எடுக்கறது. அறுத்த வாயில உள்பக்கம் உருண்டை அரம், வெளிப்பக்கம் தட்டை அரம். அப்புறம் ஒரு துண்டு பனியன் வேஸ்ட்டை உள்ள விட்டு இழுக்கணும். ஒரு நூல் மாட்டினாலும் திரும்ப அரம்.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு பைப் பாக்கி. நல்ல பிளேடு ஒடிஞ்சு போச்சு, 18 பல்லுதான் இருந்துச்சு. மாமா டீ குடிக்கப் போயிருந்தார். நானே அறுத்தேன். கோணலா வந்துச்சு. பாக்ஸுக்குள்ள மறைஞ்சிடும்னு அப்படியே சொருகிட்டேன். புஷ்ஷும் போடலை. மாமா வந்து கேட்டார், "இன்னா தம்பி, பிசிரு எடுத்தியா?"

"எடுத்துட்டேன் மாமா."

போன மே மாசம் அப்பா ஈரக் கையோட அந்த பைப்பைத் தொட்டார். தூக்கி எறிஞ்சிடுச்சு. ரப்பர் செருப்பு போட்டிருந்தார், அதனால பொழச்சார். ரெண்டு நாள் கை மரத்துப் போயிருந்துச்சு.

மாமாவே வந்தார். மெயினை இறக்கி, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு ஒயரை உருவினார். ஒரு ஒயர்ல நீளமா ஒரு கீறல். கண்டக்ட் பண்ற கம்பி பல்லிளிச்சது. அன்னைக்கு ஒயர் இழுக்கும்போது பிசிர் கீறியிருக்கு. வெயில்லயும் ஈரத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, கரண்ட் பைப்புல இறங்கியிருக்கு. எர்த் சரியா இருந்தா அப்பவே ஃப்யூஸ் போயிருக்கும். கோடைல எர்த் குழி காய்ஞ்சு கிடந்துச்சு.

மாமா அந்தக் கோணல் வாயை விரலால தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. அப்பாகிட்டயும் சொல்லலை.

நான் சொன்னேன், அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது. அப்பா கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துட்டு, "இப்ப யாரு அறுத்தது?"ன்னார்.

"நான்தான்பா. மாமா பக்கத்துல நின்னார்."

"வேஸ்ட் விட்டுப் பார்த்தியா?"

"மூணு வாட்டி."

"சரி, மோர் ஊத்திக்கோ."

ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணாம "பண்ணிட்டேன்"னு டிக் போடற ஆளு நான் இல்லைன்னு நெனச்சுட்டிருந்தேன். மொத டிக் பத்தொன்பது வயசுல போட்டதுதான்.

டிஸ்கி: இப்ப 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டியாச்சு. எர்த் குழிக்கு வாராவாரம் தண்ணி ஊத்தறது அப்பா வேலை. உங்க ஊர்லயும் மோட்டார் கொட்டாய் இருந்தா, அடுத்த தடவை போகும்போது அந்தக் குழியை ஒரு எட்டு பார்த்துடுங்க மக்களே.