உரப்பைக்குள் கிடந்த சாமான்

பைக் எடுத்திருக்கிறேன் என்று படம் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், என்னென்ன எக்ஸ்ட்ரா சாமான் போட்டீங்க? எவ்வளவு முடிஞ்ச?" இத்தனை நாளும் பதில் எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதையும் சேர்த்தே இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

பைக் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. பாவித்த பைக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதற்குப் பிறகு பழைய பைக்குகளின் விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும். இடர் கடன் கொஞ்சம், மனைவி சீட்டுப் பிடித்து எடுத்த காசு கொஞ்சம் என்று சேர்த்துத்தான் வாங்கினேன். "அட்வெஞ்சர் பைக்" என்றதும் நான் மலையேறப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். இறக்காமத்துக்கு அங்கால் என் பாடசாலை. கடைசி நாலு கிலோமீற்றரும் கிரவல் பாதையும் வாய்க்கால் கட்டும். மாரியில் அது பாதையா வயலா என்று தெரியாது. பழைய ஸ்கூட்டியின் வயிறு கல்லில் அடிபட்டு அடிபட்டே ஒரு வழியாகிவிட்டது. எக்ஸ்பல்ஸில் தரைக்கும் இயந்திரத்துக்கும் இடைவெளி 220 மில்லிமீற்றர், முன் சக்கரம் 21 அங்குலம். குழியில் இறங்கி ஏறும்போது அந்த வித்தியாசம் முதுகெலும்புக்குத் தெரியும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், மனதுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. கலாசாலையில் ஒன்றாகப் படித்த கூட்டாளிகள் நாலு பேர். உஹன, மஹா ஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று போய் பதினெட்டு வளைவு ஏறி கண்டியில் இறங்க வேண்டும் என்று பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பைக் வந்த இரவே மூன்று பக்கமும் பெட்டி கட்டி, முன்னுக்கு இரண்டு லைட் எரிய, அந்த வளைவில் நிற்பது போல ஒரு படம் மனதில் விழுந்துவிட்டது. நான் சாமான் தெரிவு செய்தது அந்தப் படத்துக்குத்தான். அதுதான் முதல் பிழை.

பைக்கை வித்தவர் நல்ல மனிசன். முந்தி அவர் அதை ஸ்டைலுக்காக நிறைய மாற்றியிருந்தார். பின் பக்கம் வெறுமையாக, கூர்மையாக, பார்க்க அழகாக இருந்தது. புத்தகத்தையும் சாவியையும் தந்துவிட்டு, ஒரு உரப்பையையும் தூக்கித் தந்தார். "கழட்டின ஒரிஜினல் சாமான் எல்லாம் இதுக்குள்ள இரிக்கி தம்பி. தேவைப்படும்." நான் அதை வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் போட்டேன். அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் மனைவி பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தா. இருக்கையின் உயரம் 823 மில்லிமீற்றர், அவவுக்கு அது இடுப்பளவு. பிறகு கேட்டா, "இதுல நான் எதப் புடிச்சிக்கி இரிக்கிற?"

நான் சிரித்துக்கொண்டு, "என்னத்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற மாமியும் சிரித்தா. கேள்வி அதோடு முடிந்தது.

கையில் 40,000 ரூபா மிச்சம் இருந்தது. முதலில் வாங்கியது எல்ஈடி லைட் சோடி. அதற்கு நான் சொன்ன நியாயம் யானை. சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுத்துவிட்டு வரும்போது மஃரிப் நேரமாகிவிடும். எங்கள் பக்கத்தில் அந்த நேரம் யானை வயலுக்கு இறங்கும் நேரம். 20 வோட்ஸ் லைட் இரண்டு. 12 வோல்ட் பெட்டரியில் மூன்று அம்பியருக்கு மேல் இழுக்கும். நேரே ஹெட்லைட் வயரில் கொழுவினால் வயர் சூடாகும் என்று வாசித்திருந்தேன். அதனால் ரிலே, பியூஸ், தனி சுவிட்ச் எல்லாம் போட்டு முறையாகத்தான் பொருத்தினேன். அடுத்தது போன் ஹோல்டர், யூஎஸ்பி சார்ஜர். அடுத்தது ஹேண்ட் கார்ட். காசு முடிந்தது.

பாடசாலையில் மூத்த ஆசிரியர் ஒருவர் லைட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யானைக்கு லைட் அடிச்சா அது ஒதுங்கும் எண்டு ஆரு சொன்ன? நேரத்தோட வெளிக்கிடுங்க சேர்." அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை. அசர் தொழுதுவிட்டு நிந்தவூரில் ராத்தா வீட்டுக்கு நானும் மனைவியும் வெளிக்கிட்டோம். மகளை மாமியிடம் விட்டுவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ், அன்று அவளை ஏற்றவில்லை. மனைவி வழமை போல ஒரு பக்கமாக இருந்தா. காரைதீவுக்குள் ஒரு ஸ்பீட் பிரேக்கருக்காக மெதுவாக்கி, திரும்ப கியரைப் போட்டு எடுக்கிறேன். என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. "நிப்பாட்டுங்க!" என்று ஒரு சத்தம். கிளட்சைப் பிடித்து பிரேக்கை அமத்தினேன். திரும்பிப் பார்த்தால் மனைவி ரோட்டில் கிடக்கிறா. அபாயாவின் ஓரம் செயினுக்குள் போய் பின் ஸ்பொக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு கத்தியோடு ஓடி வந்து துணியை அறுத்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கொடியில் காய்ந்த சீலையை உருவிக்கொண்டு வந்து, மனைவியைச் சுற்றிப் போர்த்தி, உள்ளே கூட்டிப்போய் தண்ணி கொடுத்தா. நான் ரோட்டில் பைக்கைப் பிடித்தபடி நின்றேன். கை நடுங்கியது. முன்னுக்கு இரண்டு லைட்டும் எரிந்துகொண்டே இருந்தன.

முழங்காலில் உரசல், இடது குதிகாலில் தோல் உரிந்து வீக்கம். மூன்று கிழமை நொண்டி நொண்டித்தான் நடந்தா. பத்துக் கிலோமீற்றர் வேகம்கூட இருந்திராது. நாற்பதில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் இரவில் நினைவு வரும்.

மனைவி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. இரவு காலுக்கு மருந்து கட்டும்போது மட்டும் சொன்னா: "அந்த லைட்டு முன்னுக்கு மட்டும்தானே அடிக்கிது."

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு அந்த உரப்பையை அவிழ்த்தேன். மேலேயே கிடந்தது, சாரி கார்ட். பின் சக்கரத்துக்கும் செயினுக்கும் பக்கத்தில் துணி போகாமல் தடுக்கிற கம்பித் தடுப்பு. அதற்குக் கீழே பின்னால் இருப்பவர் பிடிக்கிற கம்பி. எல்லாம் கொம்பனியோடு வந்த சாமான். இந்த பைக் வருகிற இந்தியாவில், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் இருப்பவருக்குப் பிடிமானம், கால் மிதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, மூன்றும் வேண்டும் என்கிறது அது. செயின் இடது பக்கம். ஒரு பக்கமாக இருக்கும் நம் பெண்களின் காலும் துணியும் தொங்குவதும் அதே இடது பக்கம். அழகு கெடுகிறது என்று நாம் முதலில் கழற்றி வீசுவது அந்தத் தடுப்பைத்தான்.

கராஜ் பாஸ் அதைப் பொருத்த எடுத்தது கால் மணித்தியாலம். போல்ட் நட் செலவு 300 ரூபா. என் 40,000 ரூபாவில் அதற்கு இடம் இருக்கவில்லை.

பொருத்திய கையோடு, "சேர், இந்த டயரையும் பாருங்க" என்றார் பாஸ். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருஷம். என் பின் டயரில் 2419. 2019ஆம் ஆண்டின் 24ஆவது கிழமை செய்தது. பட்டன் இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாகி ஓரத்தில் வெடிப்பு விழுந்திருந்தது. மழையில் அது பிடிக்காது. லைட் சோடியைப் பாதி விலைக்கு ஒரு கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் காசோடு அடுத்த மாதச் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்து டயர் மாற்றினேன். பின்னேர வகுப்பை காலை அசெம்பிளிக்கு முந்தி மாற்றிவிட்டேன். பிள்ளைகளுக்கும் அது லேசு, யானையும் இல்லை.

ஆகவே, கேட்டவர்களுக்கு என் பதில் இந்த ஒழுங்கில்:

முதலில் டயர், செயின், ஸ்பொக்கட், பிரேக் பேட். பழைய பைக்குக்கு இதுதான் முதல் சாமான். படத்தில் தெரியாது.

இரண்டாவது, பின்னால் இருப்பவருக்கு உரியவை. சாரி கார்ட், பிடி கம்பி, கால் மிதி, அவவின் தலைக்குச் சரியான அளவில் ஒரு நல்ல ஹெல்மட். உங்கள் பழைய ஹெல்மட்டை அவவுக்குத் தள்ளிவிடாதீர்கள். இப்போது மனைவி இரண்டு பக்கமும் கால் போட்டு, அபாயாவைச் சுருட்டி மடிக்குள் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறா. வலது பக்கம் சைலன்சர் மேலே தூக்கியிருப்பதால் அதன் மேல் சூட்டுத் தகடு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விழுந்தால் காப்பவை. க்ராஷ் கார்ட், ஹேண்ட் கார்ட். ஹேண்ட் கார்ட் வாங்குவதென்றால் உள்ளே அலுமினியக் கம்பி உள்ளதை வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் காற்றை மறைக்கும், விழுந்தால் லீவரைக் காப்பாற்றாது. நான் வாங்கியது பிளாஸ்டிக்.

நாலாவது பை. பின்னால் உயரப் பெட்டி போட்டு பாரம் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி கிரவலில் அலையும். பக்கவாட்டில் பதிவாகத் தொங்கும் பை நல்லது, சைலன்சரில் படாமல் பிடிக்க ஒரு கம்பிச் சட்டம் வேண்டும். எனக்கு 38 பிள்ளைகளின் கொப்பி நனையாமல் வீடு வர வேண்டும், அவ்வளவுதான். வாய் சுருட்டிப் பூட்டுகிற தண்ணி போகாத பை ஒன்று வாங்கினேன். போதும்.

லைட், சார்ஜர், ஸ்டிக்கர் எல்லாம் அதற்குப் பிறகு காசு மிஞ்சினால்.

அந்த அக்காவின் சீலையைத் துவைத்து மடித்து, அடுத்த கிழமை இரண்டு பேருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். தேத்தண்ணி தராமல் விடவில்லை. அறுந்த அபாயாவை மனைவி சதுரம் சதுரமாக வெட்டித் தந்தா, செயின் துடைக்க. ஒரு துண்டு இப்போதும் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை எடுத்துத்தான் துடைக்கிறேன்.

பதினெட்டு வளைவுக்கு இன்னும் போகவில்லை. டிசம்பர் விடுமுறையில் போகலாம், இன்ஷா அல்லாஹ். மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறா.

உங்கள் வீட்டிலும் கழற்றின சாமான் கிடக்கிற ஒரு உரப்பை இருக்கும். இன்று அசருக்குப் பிறகு அதை ஒருக்கா அவிழ்த்துப் பாருங்கள்.