ரப்பர் தளிரில் ஊறும் தேன்

குமரி மாவட்டத்து அருமனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அருமனைக்காக வருவதில்லை. திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் சாயா குடிக்க நிறுத்துவார்கள். சிதறால் மலையேறி ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்த்து இறங்குவார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒரு காலைப்பொழுதை ரப்பர் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தேனெடுக்கிறவர்களோடு கழிக்காமல் போகக் கூடாது. இந்த மண்ணின் உழைப்பும் ருசியும் ஒரே இடத்தில் தெரிவது அங்கேதான்.

நான் போனது அருமனையிலிருந்து களியல் போகும் சாலையை ஒட்டிய ஒரு விளைக்கு. அழைத்துப் போன அண்ணனுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். அவருடைய அப்பாவும் தேனீ வளர்த்தவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். கையில் புகைப்பான், தோளில் ஒரு துண்டு. முகமூடி, கையுறை எதுவும் இல்லை. நான் தயங்கியதைப் பார்த்து, "பயப்படாதிங்க தம்பி. சீசன்ல ஈக்குத் தேன் சேக்கதுதான் சோலி. நம்மள கொட்ட அதுக்கு நேரமில்ல" என்றார்.

விளைக்குள் மரங்களுக்கு இடையே ஒற்றைக் கால் நட்டு, அதன் மேல் ஒவ்வொரு பெட்டியாக வைத்திருந்தார். கால்களின் நடுவில் எண்ணெய் தடவிய துணி சுற்றியிருந்தது. எறும்பு ஏறினால் கூடு போச்சு என்றார். பெட்டிகளை ஒரே இடத்தில் குவித்து வைக்க முடியாது. நம் நாட்டு அடுக்குத் தேனீ கூட்டை விட்டு அதிகத் தூரம் போய் மேய்வதில்லை. அதனால் ஒரு விளையில் சில, அடுத்த விளையில் சில என்று பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. தேனெடுக்கும் நாளில் இந்த மேடுபள்ளம் முழுக்க ஏறி இறங்கியாக வேண்டும்.

ரப்பரில் தேன் பூவில் ஊறுவதில்லை. இந்தச் சேதியை முதன்முதலில் கேட்கிற எவரும் நம்ப மறுப்பார்கள். நானும் நேரில் பார்த்த பிறகுதான் நம்பினேன். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை முழுவதையும் உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஜனவரி கடைசியில் செம்பழுப்பு நிறத்தில் புதுத்தளிர் விடும். ரப்பர் இலை ஒரே காம்பில் மூன்று கூறாகப் பிரிந்து நிற்கும். அந்த மூன்றும் சேருமிடத்தில், காம்பின் நுனியில், சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. இலை முற்றி வருகிற பருவத்தில் அவற்றிலிருந்து இனிப்பு நீர் கசியும். தாழ்ந்த கிளையொன்றை வளைத்து அண்ணன் காட்டினார். காலை வெயிலில் அந்த முனை பளபளத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். லேசாக இனித்தது.

அந்தத் துளியைத்தான் ஈ உறிஞ்சிக்கொண்டு வந்து, கூட்டுக்குள் ஈக்கு ஈ கைமாற்றி, சிறகால் விசிறி நீரைக் குறைத்துத் தேனாக்குகிறது. இலை முற்றிவிட்டால் சுரப்பு நின்றுவிடும். மொத்தமே இரண்டு, மூன்று மாதக் கணக்கு. அதற்குள் பனி அதிகமானாலும் ஆபத்து, கோடைமழை முந்திக்கொண்டாலும் ஆபத்து. மழை சுரப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். பனிக்காலத்தில் தளிரில் வெண்பூஞ்சை விழுந்து இலை கொட்டிவிட்டால் அந்த விளையில் அந்த வருடம் தேன் இல்லை.

இந்த மாதங்களில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு வேலை குறைவு. இலையுதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் மரத்தில் பால் குறையும். மரத்துக்கு ஓய்வு கொடுக்கப் பலர் வெட்டை நிறுத்திவிடுவார்கள். மற்ற மாதங்களில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடி, பட்டையில் மெல்லிய சீவல் எடுத்து, சிரட்டையில் பால் வடியவிட்டு, வெயிலேறுவதற்குள் சேகரித்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் ஷீட்டாக அடிக்கிற கைகள் இவை. அந்தக் கைகளில் சில இந்தப் பருவத்தில் தேனெடுக்க வருகின்றன. அன்று அண்ணனோடு வந்த தம்பி அப்படிப்பட்டவர். பால்வெட்டுக் கத்தி பிடித்த கை, அடைமேல் மெழுகு சீவும்போது அவ்வளவு சுத்தமாகப் போனது. மரத்தில் ஆழம் கூடினால் மரம் காயப்படும்; இங்கே ஆழம் கூடினால் அடை காயப்படும். இரண்டுக்கும் வேண்டியது ஒரே நிதானம். ஒரே மரம் வருடத்தின் ஒரு பகுதியில் பாலும் இன்னொரு பகுதியில் தேனும் கொடுத்து இந்தக் குடும்பங்களை நடத்துகிறது என்பது அருமனை வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேர் அறியாதது.

பெட்டி திறக்கிற வேலை மெதுவாக நடக்க வேண்டியது. தேங்காய்த் தும்பைக் கனலவைத்த புகைப்பானால் வாசலில் இரண்டு ஊதல், மூடியைத் தூக்கி இன்னொரு ஊதல். ஈக்கள் உள்ளே இறங்கும். பெட்டியில் இரண்டு அறைகள். கீழறையில் ராணி முட்டையிடும். புழுவும் கூட்டுப்புழுவும் மகரந்தமும் அங்கே. மேலறையில் தேன் மட்டும். அண்ணன் கீழறையைத் தொடவேயில்லை. மேலறைச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஈயை உதறி, வாளியில் வைத்து மூடினார். விளையோரத்தில் நின்ற தகர டிரம்மில் சட்டங்களைச் செருகிக் கைப்பிடியைச் சுழற்றினார் தம்பி. தேன் சுவரில் அடித்து வழிந்து அடியில் தேங்கியது. காலியான அடை நொறுங்காமல் அப்படியே பெட்டிக்குத் திரும்பியது. மெழுகு கட்டுவதற்கு ஈக்கள் தங்கள் தேனையே பல மடங்கு செலவழிக்க வேண்டும். அடை பிழைத்தால் அந்தச் செலவு மிச்சம். ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த அறுவடை. மழை ஒத்துழைத்தால் ஒரு நல்ல கூடு பருவம் முழுக்கப் பத்து கிலோவுக்கு மேல் தரும் என்றார்.

இந்தப் பெட்டியும் டிரம்மும் வருமுன் தேன் என்றால் பெரும்பாலும் அழித்தெடுப்பதுதான். ஸ்பெயினில் வாலென்சியா மாகாணத்திலுள்ள பிகோர்ப் ஊர்ப்பக்கத்துக் குகையில் சுமார் 8,000 ஆண்டு பழமையான ஓவியம் ஒன்று இருக்கிறது. கயிற்றில் தொங்கும் ஓர் ஆள் பொந்துக்குள் கைவிடுகிறார், சுற்றிலும் ஈக்கள். நம் மலைகளில் காணிக்காரர்கள் பாறைத்தேன் எடுப்பதும் அதே துணிச்சல்தான். ஊர்களில் மரப்பொந்துக் கூட்டைப் பிளந்து, புழுவோடு சேர்த்து அடையைப் பிழிந்தார்கள். கூடு அதோடு முடிந்தது.

நம் நாட்டு ஈயின் அளவுக்கேற்ற சிறு பெட்டியை 1910-களில் திருச்சியில் உருவாக்கியவர் நியூட்டன் பாதிரியார். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு மையத்தை மார்த்தாண்டத்தில் நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், கோழி, கைவினை ஆகியவற்றோடு தேனீ வளர்ப்பையும் ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று இது திருவிதாங்கூர் சமஸ்தானம். இரண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று வீட்டுப் பின்புறத்தில் தொடங்கியது, ரப்பர் பரவப் பரவ விளைகளுக்குள் நுழைந்தது. மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் அப்படி நின்றது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீட்டை விட, சொந்தமாக ஒரு சென்ட் தோட்டம் இல்லாதவனும் செய்யக்கூடிய தொழில் ஒன்றை அந்த மையம் இங்கே விட்டுப்போனதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆமாம், பெட்டிதான் அண்ணனுடையது. மரம் ஒன்றும் அவருடையதில்லை. விளைக்காரருக்குத் தேனீயால் லாபமும் இல்லை. ரப்பருக்குக் காய் பிடிக்க வேண்டிய அவசியம் கிடையாதே. ஒரு சிலருக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று பணம், பலருக்கு வீட்டுக்கு வேண்டிய தேன். எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். "எனக்க அப்பன் இந்த விளையில பெட்டி வச்சாரு. இப்ப உள்ளவருக்க தாத்தா காலம்" என்றார் அண்ணன். மூன்று தலைமுறைச் சினேகம் ஒரு தொழிலைத் தாங்கி நிற்கிறது. விளை கைமாறி, புது முதலாளிக்கு ஈயைக் கண்டால் பயம் என்றால், அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டும். களைக்கொல்லி அடிக்கப் போவதை முன்கூட்டிச் சொல்லாத விளையில் கூடு நலிந்துபோன கதையும் சொன்னார்.

அதைவிடப் பெரிய அடி 1991, 92-ல் விழுந்தது. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். புழுக்கள் அறைக்குள்ளேயே செத்து, நீர் கோத்த பைகளாகிக் கிடந்தன. தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துபோயின. அண்ணன் அப்போது இளவட்டம். காலிப்பெட்டிகளை வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்திருந்ததையும், அம்மா அதைப் பார்க்கக் கூடாதென்று சாக்கு போட்டு மூடியதையும் சொன்னார். பலர் பெட்டியை விறகாக்கிவிட்டுக் கேரளத்துக்குக் கூலிக்குப் போனார்கள். தப்பிய சில கூடுகளிலிருந்து, நோய் தாங்கிய ராணிகளைப் பெருக்கித்தான் தொழில் மறுபடி எழுந்தது. இன்று இந்த விளையில் பறக்கிற ஈக்கள் அந்தப் பிழைத்த கூடுகளின் வாரிசுகள். அவற்றை அப்படி மீட்டெடுத்தது, நம்பிக்கை விடாமல் பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்துக் காத்திருந்த இந்த மாதிரி ஆட்கள்தான்.

தேன் பருவம் மூன்று மாதம். மீதி ஒன்பது மாதம் ஈயைக் காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை. ஜூன் முதல் பெய்யும் மழையில் ஈக்கு வெளியே எதுவும் கிடைக்காது. சர்க்கரைப்பாகு காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தவறினால் கூடு காலி செய்து போய்விடும். மெழுகு தின்னும் அந்துப்பூச்சி அந்த நேரத்தில்தான் நுழையும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் கூடு பலப்படத் தொடங்கும். அப்போது ராணியறை உள்ள சட்டத்தைப் பார்த்துக் கூட்டை இரண்டாகப் பிரிப்பார்கள். பிரிக்கிற நாளைத் தவறவிட்டால் ஈ தானாகவே பிரிந்து பறந்துவிடும். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் நாள் குறித்து இல்லை. பெட்டியின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, வாசலில் ஈ வந்துபோகும் வேகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

அண்ணன் வீட்டு அக்கா தேனைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். விளையிலிருந்து வரும் தேனில் ஈரம் அதிகம். அப்படியே வைத்தால் புளித்துவிடும். சுடுநீருக்குள் பாத்திரத்தை வைத்து இதமாகச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கிறார்கள். பெரும்பகுதி மொத்த வியாபாரிக்கும் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கும் போகிறது. குப்பியில் அடைத்து நேரில் விற்பது கொஞ்சம்தான், ஆனால் கையில் நாலு காசு நிற்பது அதில்தான். "தேன் எடுக்கது அவங்க. ஆள் வந்து திருப்பித் தந்தா பேச்சு கேக்கது நான்" என்றார் அக்கா.

எதற்குத் திருப்பித் தருகிறார்கள்? குளிர்காலம் வந்ததும் குப்பியின் அடியில் தேன் உறைந்து வெள்ளையாக மணல்மணலாக நிற்கும். வெளியூர்க்காரர்கள் சர்க்கரை கலந்துவிட்டதாகச் சண்டை போடுகிறார்கள். ரப்பர் தேனின் இயல்பே சீக்கிரம் உறைவது. அதில் குளுக்கோஸ் கூடுதல். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்திப் பார்ப்பது என்று வீட்டில் செய்கிற சோதனைகள் எதுவும் கலப்படத்தைச் சரியாகக் காட்டாது, ஆய்வகத்தில்தான் தெரியும். மூன்று மாத வெயிலில் அலைந்து சேர்த்த தேனுக்கு இந்தப் பழி வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை திற்பரப்புக்கு வருகிறவர்கள் மாசி, பங்குனியில் வாருங்கள். அருமனை, களியல், கடையாலுமூடு பக்கம் சாயாக்கடையில் கேட்டால் யார் வீட்டில் தேனீ இருக்கிறது என்று சொல்வார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சென்ட் அடித்துக்கொள்ளாதீர்கள், பெட்டி வாசலுக்கு நேரே நிற்காதீர்கள். தேனை அவர்கள் கையிலேயே வாங்குங்கள், விலை பேசாமல் வாங்குங்கள். ஊருக்குப் போனபின் குப்பியில் தேன் உறைந்தால், கை பொறுக்கிற சூட்டிலுள்ள தண்ணீரில் குப்பியை வையுங்கள், இளகிவிடும்.