வால் கனத்த விமானம்

மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வசிக்கும் மாணவன் ஒருவன், மாலையில் மத்ரஸாவில் ஓதுபவன், தெர்மாகோல் அட்டையால் சிறு விமானம் ஒன்று செய்திருந்தான். மோட்டாரின் வேகம் போதவில்லை என்று, பெருநாள் காசைச் சேர்த்துப் பெரிய மோட்டார் வாங்கி அதன் மூக்கில் பொருத்தினான். அதன் பிறகு விட்ட போதெல்லாம் அது குப்புற விழுந்தது. "என்ன செய்யலாம், ஹஜ்ரத்?" என்று என்னிடம் கேட்டான்.

நான் வரலாறு படித்த பட்டதாரி. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் முன்னிலையில் அச்சொல் நாவில் எழவில்லை. "முன்புறம் கனத்தால் பின்புறம் கனம் வை" என்று கூறி, இரண்டு பெரிய ஆணிகளை வாலில் நானே ஒட்டிக் கொடுத்தேன். வறண்டு கிடந்த கண்மாயில் விமானம் விர்ரென்று ஏறியது, பிள்ளைகள் ஆரவாரித்தனர். மறுகணம் மூக்கை வானுக்கு நிமிர்த்தி, அந்தரத்தில் தயங்கி, ஒருபக்கம் சாய்ந்து தரையில் மோதிற்று. இறக்கை இரண்டாயிற்று. பையன் ஒன்றும் பேசவில்லை. ஆணிகளைப் பொறுக்கி என் கையில் தந்தான்.

இயற்பியல் ஆசிரியரான நண்பரிடம் இதைச் சொன்னேன். "வெள்ளிக்கோல் பார்த்ததில்லையா நீங்கள்?" என்று சிரித்தார். பார்த்திருக்கிறேன். என் பாட்டனார் குண்டை மாற்றாமல், கயிற்றை நகர்த்தியே நிறை காண்பார். கனத்தோடு தூரமும் சேர்ந்தல்லவா நிறுக்கிறது! சமநிலைப் புள்ளிக்கு ஒரு மீட்டர் முன்னால் ஏறிய 10 கிலோவை, இரண்டு மீட்டர் பின்னால் வைக்கும் 5 கிலோ ஈடுசெய்துவிடும். நானோ தூரத்தைக் கருதாமல், நெடிய வாலின் நுனியில் ஆணி வைத்தேன். மூக்குக் கனத்தைவிட வால் கனம் ஆபத்தானது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நிமிர்ந்துவிட்ட மூக்கை மீண்டும் தாழ்த்த இயலாமற் போகும்.

1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்திலும் இச்சிக்கல் இருந்தது. எஞ்சின் வலப்புறம், ஓட்டுபவர் இடப்புறம். எஞ்சினே கனம் மிகுந்ததால், வலது இறக்கையைச் சுமார் 4 அங்குலம் நீளமாக்கினார்கள். தொடுபுழைக்காரரான சஜி தாமஸ், செவியும் பேச்சும் இல்லாதவர், தம் கையால் கட்டிய சிறு விமானம் 2014இல் நம் மணிமுத்தாறில் பறந்தது. இவ்வாறு சொந்தமாகக் கட்டப்படும் விமானங்களை, எஞ்சின் ஏற்றிய பின் மட்டம் பார்த்து நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தராசு வைத்து நிறுப்பார்கள். ஒவ்வோர் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் சமநிலைப் புள்ளி கிடைக்கும். பறக்கப் பறக்க எரிபொருள் குறையுமாதலால், நிறைந்த தொட்டிக்கும் வற்றிய தொட்டிக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும்.

மறு வாரம் பையனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டு, ஒடிந்த இறக்கையைச் சேர்ந்து ஒட்டினோம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு தள்ளி, இருபுறமும் விரல் நுனியில் தாங்கிப் பார்த்தான். மூக்குத் தாழ்ந்தது. புதிதாக எதையும் ஏற்றாமல், உள்ளிருந்த பேட்டரியை மட்டும் இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளினான். விமானம் விரல்களின் மேல் மட்டமாக நின்றது.

"ஆணி வேண்டாம், ஹஜ்ரத்" என்றான்.

கண்மாயை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கருவேல மரத்தில் சிக்கிக்கொண்டது. எடுக்கப்போன எனக்குத்தான் கையெல்லாம் முள்.